இது யாருக்காக?

பழைய டப்பாவையும் அறுந்த கம்பியையும் வைத்துக்கொண்டு பிள்ளை ஏதோ செய்துகொண்டிருந்தால், ‘படிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு?’ என்று அதட்டுவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த விளையாட்டினுள் இருப்பது என்னவென்று சற்றே நின்று நோக்குவது நன்று.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்னும் சிறுமி, தெருவிலே துணி தேய்ப்பவர் எரிந்து தணிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டாள். நாள்தோறும் எத்தனையோ பேர் கண்டு கடந்துபோகும் காட்சிதான். அவளுடைய உள்ளமோ, இக்கரிக்காக எத்தனை மரங்கள் வீழ்கின்றன, இதன் புகை யார் நெஞ்சில் இறங்குகிறது என்று வினவியது. 12 வயதில், கதிரவன் ஒளியால் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்தாள். 5 மணி நேர வெயிலில் மின்கலம் நிரம்பினால் 6 மணி நேரம் துணி தேய்க்கலாம். 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கூடிய தட்பவெப்ப மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசும் பேறும் அவளுக்குக் கிட்டியது.

கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில், ரெம்யா ஜோஸ் பள்ளியில் பயின்ற நாளில் தாயார் நோயுற்றார். துணி துவைக்கும் பாரம் மகள்மேல் விழுந்தது. மின்சாரமின்றிக் காலால் மிதித்து இயக்கும் சலவை எந்திரம் அதனால் உருவாயிற்று.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி, பிரான்சு நாட்டு லூயி பிரெயில். சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் 3 வயதில் குத்தூசியால் காயமுற்று, பின் இரு கண் பார்வையையும் இழந்தவர். 12 புள்ளிகள் கொண்ட கடினமான குறியீட்டை 6 புள்ளிகளாகச் சுருக்கி, தடவிப் படிக்கும் எழுத்தை 1824இல் தம் 15ஆம் வயதில் அமைத்தார். ஆலயத்தில் ஆர்கன் இசைத்த கத்தோலிக்கர் அவர். இன்று தமிழையும் பார்வையற்றோர் அப்புள்ளிகளாலேயே படிக்கின்றனர்.

இம்மூவரும் ஒரு துன்பத்தைக் கண்டனர், அல்லது தாமே பட்டனர். கண்டபின் அவர்களால் வாளாவிருக்க இயலவில்லை. கைகளும் அறிவும் உள்ளத்தைப் பின்தொடர்ந்தன.

நமது அன்னவாசல் வானம் பார்த்த பூமி. விதைக்கடலை உடைக்கும் நாள்களில் நம் தாய்மாரின் கட்டைவிரல் கொப்பளிப்பதை இங்கு அறியாதார் இலர். நம்மிடம் மறைக்கல்வி பயிலும் சிறுமி ஒருத்தி, இரு மூங்கில் சிம்புகளை ஒரு முனையில் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டி, கடலையின் மூக்கை நெரிக்கும் சிறு இடுக்கி ஒன்றைச் செய்து தாயின் கையில் கொடுத்தாள். பருப்பு நசுங்கவில்லை, விரலும் நோகவில்லை. தேர்வு நெருங்குகிறதே என்னும் அச்சத்தால் தந்தை அதனை அடுப்பில் போட்டுவிட்டார். அவர் நல்லவர், மகளின் எதிர்காலத்தையே எண்ணினார். அவளும் நல்ல மதிப்பெண் பெற்றாள். ஆனால் அதன்பின் அவள் எதையும் செய்து எவரிடமும் காட்டியதில்லை. தாயின் விரலில் பழையபடி கிழிந்த துணி சுற்றியிருக்கிறது.

மக்கள் திரள் பசித்திருந்தபோது, சிறுவன் ஒருவனிடம் 5 அப்பங்களும் 2 மீன்களும் இருந்தன. அவை போதுமோ என்று ஐயுற்றவர் திருத்தூதராகிய அந்திரேயா. ஆண்டவரோ அச்சிறுவனிடமிருந்ததை மறுக்காமல் கையில் வாங்கி நன்றி செலுத்தினார்.

அன்புப் பெற்றோரே, பிள்ளை ஒன்றைச் செய்து கொண்டுவந்தால், ‘இது யாருக்காக?’ என்று முதலில் கேளுங்கள். அது கோணலாயிருக்கலாம், இரண்டே நாளில் உடைந்தும் போகலாம். உடைந்தால் அருகே அமர்ந்து சேர்ந்து திருத்துங்கள். சூசையப்பரின் தச்சுப் பட்டறையில் சிறுவர் இயேசுவும் அவ்வாறே பழகியிருப்பார் என்று எண்ணுவதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு.

அடுத்த கடலைப் பருவம் வருமுன், அந்தத் தந்தை தம் கையாலேயே இரு மூங்கில் சிம்புகளைச் சீவி மகளிடம் கொடுக்க வேண்டும் என்பதே நம் மன்றாட்டு.