மணி இல்லாத சைக்கிள்

“பைசிக்கலய கெடிலாத, புத்தே?” என்று கால்வாய்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர் கேட்டார். சைக்கிள் பழுதாய்ப் போச்சா மகன் என்று.

ஹெந்தளையைத் தாண்டி ஹமில்டன் கால்வாய் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் மழைத் தண்ணீர் கரையை வெட்டிவிட்டிருந்தது. எனக்கு முன்னால் போன மருமகன் அந்த வெட்டு வருமுன்பே வலக்காலைப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் இறங்கினான். வேகம் குறையவில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே சைக்கிளைத் தூக்கித் தோளில் கொழுவி, நாலு எட்டில் வெட்டைக் கடந்து, மறுபக்கம் துள்ளி ஏறி உழக்கத் தொடங்கிவிட்டான். கிழவர் வலையை மடியில் வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. எங்கள் நாட்டில் ஒருவன் சைக்கிளைச் சுமந்துகொண்டு போனால், ஒன்றில் சைக்கிள் உடைந்திருக்கும், இல்லையென்றால் பாதை உடைந்திருக்கும். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது என்பதை நானும் அண்மையில்தான் அறிந்தேன்.

மருமகன் என் தங்கையின் மகன். பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப்பனில் பிறந்தவன், பதினெட்டு வயது. புரட்டாசி தொடங்கி மாசி முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளோகுரொஸ் ஓடப் போவான். அவன் ஊர்ப் பாஷையில் அதற்கு வெல்ட்ரைடன் என்று பெயர். வயலில் ஓடுவது என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவன் சொல்லக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த விளையாட்டில் ஒரு பிடிப்பு. வயல், தோட்டம், பற்றை, மணல், படிக்கட்டு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டரை, மூன்று கிலோமீற்றரில் ஒரு சுற்றுப் பாதை போடுகிறார்கள். குறுக்கே நாற்பது சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரத்தில் பலகைகள். அதில் நாற்பது நிமிடம், பெரியவர்களுக்கு ஒரு மணித்தியாலம், திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஓடக்கூடிய இடத்தில் ஓடலாம். ஓட முடியாத இடத்தில் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தூக்குவதும் ஓட்டத்தில் சேர்த்தி.

தெருப் பந்தயக்காரர்கள் மாரி காலத்தில் உடம்பு இறுகிப் போகாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி இது என்கிறார்கள். பிரான்சில் டானியல் கூசோ என்பவர் 1902-ல் இதற்குத் தேசியப் போட்டி நடத்தினார். ஒக்தாவ் லப்பீஸ் 1910-ல் தூர் து பிரான்ஸை வென்றபோது, மாரியில் வயலில் ஓடியதே தன்னை வலுப்படுத்தியது என்று சொன்னாராம். அதற்குப் பிறகுதான் எல்லாரும் இதைத் திரும்பிப் பார்த்தார்கள். உலகப் போட்டி 1950-ல் பாரிஸில் தொடங்கியது, ஜோன் ரொபிக் வென்றார். பின்னாளில் பெல்ஜியத்தின் எரிக் டி விளாமிங் ஏழு தடவை உலக வீரரானார். கொக்ஸைடே என்ற கடற்கரை ஊரின் மணல்மேடுகளில் 2012-ல் நடந்த உலகப் போட்டியில் முதல் ஏழு இடங்களையும் பெல்ஜியர்களே பிடித்தார்கள். இதைச் சொல்லும்போது மருமகனின் முகத்தில் வருகிற வெளிச்சம், எங்கள் ஆட்கள் 1996 உலகக் கிண்ணத்தைப் பற்றிப் பேசும்போது வருமே, அதேதான்.

அவன் வெல்கிறவன் அல்லன். முதலாவது ஆள் கோட்டைக் கடந்ததும் மற்றவர்களுக்கும் தாங்கள் ஓடுகிற சுற்றோடு ஆட்டம் முடிந்துவிடும். மருமகன் அநேகமாக ஒரு சுற்றுக் குறைவாகவே முடிப்பான். “பரவாயில்லை மாமா, கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கேக்கை நான் சேத்துக்குள்ளை நிண்டால் காணும்” என்பான். இந்தப் பிள்ளைக்கு அந்தச் சேற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுவந்த சைக்கிளை அவன் எங்கள் வத்தளை வீட்டு விறாந்தையில் பூட்டிய அன்று இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, மணி இல்லை. நீர்கொழும்பு வீதியில் மணி இல்லாமல் எப்படி என்று கேட்டேன். பந்தயத்தில் மணி அடிப்பது சனம்தான், மாட்டு மணிகளைக் கொண்டுவந்து வேலியோரம் நின்று ஆட்டும், ஓடுகிறவனுக்கு மணி வேண்டாம் என்றான். மற்றது ரயர். சர்வதேச விதிப்படி 33 மில்லிமீற்றருக்கு மேல் அகலம் கூடாது. அந்த ஒடுங்கல் ரயரில் காற்று மிகக் குறைவு, பெருவிரலால் அமத்தினால் உள்ளே போகிறது. சேற்றிலும் மணலிலும் ரயர் பரந்து பிடிக்க வேண்டுமாம்.

எனக்கு உடனே அப்பாவின் நினைவு வந்தது. நாங்கள் வடமராட்சி ஆட்கள். மணற்காட்டுப் பக்கம் போகும்போது அப்பா தார் றோட்டு முடியும் இடத்தில் இறங்கி, வால்வைச் சற்றுத் திருகித் தளர்த்தி ஸ்ஸென்று காற்றைக் கொஞ்சம் விடுவார். திரும்பி வந்து றோட்டில் ஏறியதும் பம்மை எடுத்துக் கல்லுப் போல அடிப்பார். “மணலிலை ஹாண்டிலை இறுக்கிப் பிடியாதை. அது போற பக்கம் போகட்டும். நீ உழக்கிறதை மட்டும் நிப்பாட்டாதை.” தன்னுடைய பயிற்சியாளர் இதையேதான் ஒவ்வொரு கிழமையும் சொல்கிறார் என்று மருமகன் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. அவர் பந்தயம் என்று ஓடியது ஒரேயொரு தடவை, கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த சைக்கிள் ஓட்டத்தில்.

இப்போது நான் உழக்குகிற லுமாலா சைக்கிள் 2022-ல் வாங்கியது. அந்த ஆனி மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. மறுநாள் விடிய நீர்கொழும்பு வீதியில் ஒரு சத்தம் கேட்டது. முப்பது வருஷமாகக் கேட்காத சத்தம். சைக்கிள் மணிகள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஒரு புதினம். எனக்கு அது யாழ்ப்பாணம். சண்டையால் பெற்றோல் வராத அந்த வருஷங்களில் சந்தைக்கு மரக்கறி போனதும், ஆஸ்பத்திரிக்கு நோயாளி போனதும், மணவறைக்குப் பொம்பிளை போனதும் சைக்கிளில்தான். பற்றறி தடையாக இருந்ததால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் றேடியோவில் செய்தி கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் தேய்ந்துவிடும்.

கால்வாய்க் கரை வெட்டைக் கடந்து நான் போய்ச் சேர்ந்ததும் மருமகனிடம் கேட்டேன்: “ஏன் வலது தோளிலை தூக்கினாய்?”

“எப்பவும் வலதுதான் மாமா. செயின் வலப்பக்கம் இருக்கு. வலது தோளிலை வைச்சால் செயின் வெளிப்பக்கம் நிக்கும். இடதிலை வைச்சால் எண்ணெய் முழுக்க எங்கடை மேலிலை.”

நான் பேசாமல் உழக்கினேன். அப்பா தூக்கியது இடது தோளில்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி ஆனையிறவுப் பாதை மூடுண்ட பிறகு குடாநாட்டுச் சனம் வெளியே போக ஒவ்வொரு வழியாகத் தேடியது. அவற்றில் ஒன்று கொம்படி, ஊரியான் பாதை. பாதை என்று பெயர்தான். ஆனையிறவுக்குக் கிழக்கே பரவைக் கடலின் ஆழமில்லாத பகுதியை இரவில் நடந்து கடப்பது. கோடையில் காய்ந்து வெடித்த தரை. மாரியில் முழங்கால், சில இடங்களில் இடுப்பு மட்டும் தண்ணீர், அதற்குக் கீழே சுரி. காசுள்ளவர்கள் உழவு மெசினில் ஏறினார்கள். அதுவும் இடையில் புதைந்து நிற்கும்.

நாங்கள் போனது 1991 மாரியில். அப்பப்பா கிளிநொச்சியில் கடுமை என்று செய்தி வந்திருந்தது. அப்பா, அம்மா, பதின்மூன்று வயதில் நான், ஐந்து வயதில் தங்கச்சி. அப்பாவின் றலி சைக்கிளில் கரியரில் ஒரு பை, பாரில் தங்கச்சி. அம்மாவின் தலையில் இன்னொரு பை. கொம்படியில் இறங்கும்போது நல்ல இருட்டு. விளக்குக் கொளுத்தக் கூடாது, கதைக்கக் கூடாது. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடக்க வேண்டும்.

முதல் அரை மணித்தியாலம் சைக்கிள் உருண்டது. பிறகு மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் களி போய் இறுகி, சில்லு சுற்றாமல் நின்றுவிட்டது. அப்பா ஒரு தடியை முறித்துக் குத்திக் குத்திக் களியை எடுத்தார். பத்து யார் போவதற்குள் திரும்ப அடைத்துக்கொண்டது. எடுத்தார். திரும்ப அடைத்தது. மருமகனின் சைக்கிளில் சில்லுக்கும் கவட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி விட்டிருக்கிறார்கள், மட்காட்டே கிடையாது. அப்படியும் சேறு அப்பினால், சுற்றுப் பாதையோரம் ஓரிடத்தில் இன்னொரு சைக்கிளோடு சினேகிதன் நிற்பான். இதைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு ஓடலாம். அவன் தண்ணீரடித்துக் கழுவி அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாக வைத்திருப்பான். அப்பாவிடம் தடி இருந்தது.

மூன்றாவது தடவை அடைத்ததும் அவர் தடியை எறிந்துவிட்டார். கரியரில் இருந்த பையை என் தலையில் வைத்தார். தங்கச்சியை வலது இடுப்பில் தூக்கினார், அவருடைய பலம் வலக்கையில்தான். மிச்சம் இருந்தது இடது தோள். இருபது கிலோ வரும் அந்தச் சைக்கிளைப் பாரோடு அதில் கொழுவிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். செயினும் பற்சில்லும் அவருடைய விலாவோடு ஒட்டிக் கிடந்தன.

அவர் நடக்க நடக்க முன்சில்லு மடங்கி ஹாண்டில் அவர் நெஞ்சுக்கு நேரே வந்து வந்து போனது. தங்கச்சிக்கு எட்டுகிற தூரத்தில் மணி. அவள் அதை அடித்துவிட்டாள். ஒரு தரம்தான். கிணிங்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? முன்னாலும் பின்னாலும் தண்ணீரில் அளைந்துகொண்டு வந்த அத்தனை கால்களும் நின்றன. எத்தனை பேர் அந்த இருட்டில் எங்களோடு வந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நடக்கிற சத்தம் இல்லாமல் போனதால். ஒருவரும் ஏசவில்லை. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. நெடுநேரம் நின்றோம். பிறகு எங்கேயோ முன்னால் ஒரு கால் தண்ணீரை அளைந்தது, எல்லாக் கால்களும் அளையத் தொடங்கின.

அப்பா சைக்கிளை இறக்கி என்னைப் பிடிக்கச் சொன்னார். தங்கச்சியை இறக்கவில்லை. ஒற்றைக் கையால் மணியின் மூடியைத் திருகிக் கழற்றினார். சட்டைப் பையில் போடுவார் என்று நினைத்தேன். அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டு, காதுக்குள் சொன்னார்: “இறுக்கிப் பிடிச்சுக்கொள். விட்டால் சேத்துக்கை போயிடும்.” பிறகு ஊரியான் மட்டும் அவளுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அப்பாவின் வெள்ளைச் சட்டையில் இடப்பக்கம், அக்குளிலிருந்து இடுப்பு மட்டும், பற்சில்லின் பல் ஒவ்வொன்றும் எண்ணெயில் வரிசையாகப் பதிந்திருந்தது. அம்மா எவ்வளவு தோய்த்தும் போகவில்லை. கடைசியில் அதைக் கிழித்துத் துண்டாக்கினா. ஒரு துண்டு, செயின் துடைக்கவென்று, நெடுங்காலம் சீற்றுக்குக் கீழே செருகிக் கிடந்தது.

சேற்றுக்குத் தமிழில்தான் எத்தனை பெயர்! சேறு, சகதி, சுரி, களி, உளை, தொளி, அளறு. வள்ளுவர் அளறு என்ற சொல்லை நரகத்துக்கு வைத்தார். இறங்கியவனை விழுங்கி வெளியே விடாத இடம் என்று அவர் நரகத்தைக் கண்டிருக்க வேண்டும். அவர் காலத்திலும் யாரோ ஒருவர் பிள்ளையை இடுக்கிக்கொண்டு அப்படி ஓர் இடத்தைக் கடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அந்த அளறுக்குள் இன்று என் மருமகன் காசு கட்டி, இலக்கம் குத்திக்கொண்டு, ஆசையாக இறங்குகிறான். சனம் வேலியோரம் நின்று மணி ஆட்டுகிறது. இதை நினைக்க எனக்குக் கோபம் வரவில்லை, கொடுத்துவைத்தவன் என்றுதான் வருகிறது. அவனுக்கு அந்தச் சேறு ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று தெரியும், அக்கரையில் சுடச்சுட உருளைக்கிழங்குப் பொரியல் இருக்கிறது என்றும் தெரியும்.

அன்று நாங்கள் போன ஹமில்டன் கால்வாய் பிரித்தானியர் காலத்தது. கவின் ஹமில்டன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் 1802-ல் தொடங்கி 1804-ல் வெட்டி முடித்தார்கள். அதற்குக் கிழக்கே முத்துராஜவெல. ஒரு காலத்தில் அரசர்களின் நெல்வயலாக இருந்து, உவர் ஏறிக் கைவிடப்பட்ட சதுப்பு. மருமகன் சைக்கிளை நிறுத்தி அந்தக் கறுத்த சேற்றில் ஒரு காலை வைத்துப் பார்த்தான், கணுக்கால் உள்ளே போனது. “நல்ல சேறு மாமா” என்றான். பல காலம் பழகியவன் சொல்கிற மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் இரண்டு சைக்கிள்களையும் கழுவினோம். அவன் மேற்சட்டையைக் கழற்றியிருந்தான். வலது தோளில், கழுத்து முடிகிற இடத்தில், பார் இருந்து இருந்து கன்றிய கறுப்பு ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டுதான் கொம்படிக் கதையை அவனுக்குச் சொன்னேன். தாய் ஒரு நாளும் சொன்னதில்லையாம். கை ஈரத்தைத் துடைத்துவிட்டு அப்போதே அன்ற்வேர்ப்பனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தான்.

“எனக்கு அந்தத் தண்ணி, இருட்டு ஒண்டும் ஞாபகமில்லை அண்ணா” என்றாள் தங்கச்சி. “ஆனால் கைக்குள்ளை குளிரா, வட்டமா, ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி ஏதோ வைச்சிருந்தனான். கனவிலையும் வரும். அது என்னெண்டு அம்மாட்டைக் கேக்கவேணும் கேக்கவேணுமெண்டு நினைச்சு, கேக்காமலே விட்டிட்டன்.”

மருமகன் போனை என் கையில் தந்துவிட்டு எழுந்து போனான். என் லுமாலாவின் மணி மூடியைத் திருகிக் கழற்றி, ஈரத்தோடு கொண்டுவந்து கமெராவுக்கு முன்னால் பிடித்தான்.

“இதோ அம்மா?”