கோடியக்கரை பஸ்ஸில் குன்னக்குடி!

தை அமாவாசை. கோடியக்கரை கடலில் முழுக்குப் போட்டு, அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அப்பாவும் நானும் கிளம்பினோம். வேதாரண்யத்தில் நாங்கள் பஸ் ஏறவில்லை ஸார், ஏற்றப்பட்டோம்! என் ஒரு கால்தான் உள்ளே நின்றது. இன்னொன்று தரையைத் தொட்டபோது அகஸ்தியம்பள்ளி வந்துவிட்டது. 1930-ல் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து ராஜாஜி உப்பெடுத்த இடம். பைக் ரிப்பேர் என்றால் ஆபீஸுக்கு லீவு போடுகிற ஆசாமி நான்.

டிரைவர் பென் டிரைவைச் செருகினார். வயலின். பழைய சினிமாப் பாட்டு. வாசிப்பது குன்னக்குடி வைத்தியநாதன்!

எனக்குத் திக்கென்றது. அப்பா அந்தக் காலத்து சபா ரசிகர். "கல்யாணியை அரை மணி நேரம் இழைக்கத் தெரிஞ்ச கைடா அது! அந்தக் கையால சினிமாப் பாட்டா?" என்பார். குன்னக்குடியின் கீர்த்தனை கேசட்டுக்கு எங்கள் வீட்டு ஷோகேஸில் இடம் உண்டு. அதே மனிதரின் சினிமாப் பாட்டு கேசட் அரிசி டப்பாவுக்குள் இருந்தது. அம்மாவின் திருட்டு வேலை. அப்பா ஆபீஸ் போனதும் வெளியே வரும். அவர் திரும்புகிற ஐந்தரைக்குள் மறுபடி அரிசிக்குள் புதையும்.

இந்தச் சண்டை எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் ரெனே ஃபிளெமிங் என்று ஓர் அம்மணி. ஓபரா, அதாவது மேல்நாட்டு சங்கீத நாடகத்தில் உச்சஸ்தாயி ராணி. 2010-ல் 'டார்க் ஹோப்' என்று ஓர் ஆல்பம் போட்டு, ராக் கோஷ்டிகளின் பாட்டுக்களைப் பாடினார். அதற்காகக் குரலை நன்றாகக் கீழே இறக்க வேண்டியிருந்தது.

குன்னக்குடிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு வில்தான் தொண்டை. இழுப்பு, குழைவு, நடுவில் ஒரு மூச்சு, எல்லாம் அதில் வரும். வார்த்தையை மட்டும் நம்மிடம் விட்டுவிடுவார். அந்த பஸ்ஸில் கண்டக்டர் உள்பட முக்கால்வாசிப் பேர் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். காலையில்தான் வேதாரண்யம் கோயிலில் வீணையில்லாத சரஸ்வதியைப் பார்த்திருந்தேன். அம்பாள் 'யாழைப் பழித்த மொழியம்மை'. அந்தக் குரலைக் கேட்டு வீணையையே கீழே வைத்துவிட்டாளாம் கலைவாணி. கையில் சுவடிதான். குன்னக்குடியைக் கேட்டிருந்தால் யோசித்திருப்பாளோ என்னவோ!

அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோடியக்காட்டில் ஒரு வெளிமான் துள்ளியோடியது. காட்டினேன். திரும்பவில்லை.

தர்ப்பணம் முடிந்து ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்:

"அந்த கேசட் இன்னும் அரிசி டப்பாலதான் இருக்கா?"

"அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"அஞ்சேகாலுக்கே தெருமுனைக்கு வந்துடுவேன்டா. பாட்டு முடியற வரைக்கும் வெத்தலைக் கடையில நிப்பேன். நான் உள்ளே வந்தா அவ நிறுத்திடுவாளே!"

திரும்பும்போது அதே பஸ்ஸுக்காக மூன்று பஸ்ஸை விட்டோம்.