நாலு மணிக் கோப்பி

இல்ஃபோர்ட் லேனிலயும் ஹை ரோட்டிலயும் ஒரு சனிக்கிழமை நடந்தா, உலகத்துப் பலசரக்கில பாதியைப் பார்த்திடலாம். எங்கட ஆக்களின்ர கடையில குரக்கன் மா, ஒடியல் மா, மல்லி. பாகிஸ்தான் கடையில பார்லி, 'ஜௌ' எண்ட பேரில. கிழக்கு ஐரோப்பியக் கடையில கோப்பித் தட்டுக்குப் பக்கத்தில 'இன்கா' எண்டொரு பெட்டி. அந்தப் பெட்டியை நான் தேடிப் போகக் காரணம் அம்மா.

போன மாரியில அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு. பின்னேரத்தில கோப்பி, தேத்தண்ணி இரண்டும் வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. கேட்க சின்ன விசயம்தான். ஆனா எங்கட வீட்டில நாலு மணிக் கோப்பி எண்டது, மகள் பள்ளிக்கூடத்தால வந்து அம்மம்மாவோட குசினி மேசையில இருக்கிற ஒரு மணித்தியாலம். அவள் முழு வசனமாத் தமிழ் கதைக்கிற நேரம் அது ஒண்டுதான். கோப்பி நிண்டதும் அம்மா மேல அறையில டிவியோட இருந்திட்டா. மகள் ஐபாடோட. இரண்டு கிழமை வீட்டில தமிழ்ச் சத்தமே குறைஞ்சு போச்சு.

முதல்ல டீகாஃப் வாங்கினன். அதிலயும் கொஞ்சம் காஃபீன் மிஞ்சும். அதைவிட அம்மாவுக்கு அது பிடிக்கேல்லை. என்எச்எஸ் கணக்கில ஒரு மக் இன்ஸ்டன்ட் கோப்பியில சுமார் 100 மில்லிகிராம் காஃபீன், தேத்தண்ணியில 75. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200க்கு மேல வேண்டாம் எண்டும் சொல்லுகினம். தேத்தண்ணி 'லேசு' எண்டு நினைக்கிற எங்கட ஆக்கள் இந்தக் கணக்கை ஒருக்காப் பார்க்கவேணும். மைலோ, ஓவல்டினில கொக்கோ இருக்கிறதால அதிலயும் துளி காஃபீன் வரும். ஹோர்லிக்ஸில இல்லை, ஆனா அது கோப்பி எண்டு அம்மாவை ஏமாத்த ஏலாது.

இன்கா போலந்துச் சாமான். நல்ல கோப்பி கிடைக்காத கம்யூனிச காலத்தில, 1971இல வந்தது. ரை, பார்லி, சிக்கரி வேர், சீனிக்கிழங்கு எல்லாம் வறுத்துச் செய்த தூள். இங்க சுப்பர்மார்க்கெட்டில வாங்கிற 'பார்லிகப்'பும் கிட்டத்தட்ட அதே சாதி. சிக்கரியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இந்தியச் சட்டப்படி சிக்கரிக் கலவைக் கோப்பியில 49 வீதம் வரைக்கும் சிக்கரி இருக்கலாம். சென்னைச் சொந்தங்கள் பெருமையாக் குடிக்கிற பில்டர் கோப்பியில பலதில அது இருக்கு.

இனி அளவு. இந்தத் தூள் பஞ்சு மாதிரி லேசு. குவிச்ச கரண்டிக்கும் மட்டக் கரண்டிக்கும் ஒண்டுக்கு இரண்டு வித்தியாசம் வரும். 200 மில்லி மக்குக்கு 5 மில்லி தேக்கரண்டியால மட்டமா இரண்டு. முதல்ல கொஞ்சச் சுடுதண்ணியில குழைச்சு, பிறகு மிச்சத் தண்ணி, கடைசியாச் சூடாக்கின நீல மூடிப் பால். கரண்டி ஈரமா இருந்தாப் போத்தல் முழுக்கக் கட்டிபட்டுப் போகும்.

அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு, "கருகின பாணைக் கரைச்ச மாதிரிக் கிடக்கு" எண்டா. ஆனா கோப்பையைக் கீழ வைக்கேல்லை. அடுத்த நாள் ஒரு நுள்ளு வேர்க்கொம்புத் தூள் போட்டா. அதுக்கடுத்த கிழமை தானே பார்லி வறுக்க வெளிக்கிட்டா.

அது இப்பிடி. 200 கிராம் பார்லியைத் தடிப்பான சட்டியில, நடுத்தரச் சூட்டில, கை எடுக்காமக் கிண்டவேணும். எங்கட அடுப்பில இருபது நிமிசம் பிடிக்கும். கோப்பி நிறம் வந்ததும் இறக்கிறது. கறுக்க விடக்கூடாது, கசக்கும், அதோட வறுக்கேக்க அக்ரிலமைட் எண்ட வேண்டாத சாமானும் உண்டாகும். இரண்டு கரண்டி மல்லியைத் தனிய வறுத்து அதோட சேர்த்து, ரவை மாதிரிக் கரகரப்பா அரைக்கவேணும். மாவா அரைச்சாக் கஞ்சியாப் போகும். 300 மில்லி தண்ணிக்கு 15 கிராம், ஐஞ்சு நிமிசம் கொதிக்க வைச்சு, அடைய விட்டு வடிக்கிறது. இது இன்ஸ்டன்ட் தூள் இல்லை, சுடுதண்ணி ஊத்தினாக் கரையாது. கண்ணளவிலயே சமைச்சுப் பழகின அம்மாவுக்கு டிஜிட்டல் தராசு முதல்ல சிரிப்பு; இப்ப இலக்கம் 15 வரும்வரைக்கும் மகளோட சேர்ந்து எண்ணுறா.

ஒரு முக்கியமான விசயம்: பார்லியிலும் ரையிலும் குளூட்டன் இருக்கு. மகளின்ர சிநேகிதி ஒருத்திக்கு சீலியக் நோய். அந்தப் பிள்ளை வாற நாளில தனிச் சட்டியில, குளூட்டன் இல்லை எண்டு பெட்டியில போட்டிருக்கிற குரக்கன் மாதான். வாசம் வரும்வரை வறுத்து, ஒரு மேசைக்கரண்டியைப் பச்சைத் தண்ணியில கரைச்சுப் போட்டு, 250 மில்லியில காய்ச்சுறது. அது கோப்பி இல்லை, குடிக்கிற கூழ். ஆனா கொஞ்சம் சர்க்கரை போட்டா அந்தப் பிள்ளை இரண்டாவது கோப்பையும் கேட்கும். "இன்னும் கொஞ்சம்" எண்டு தமிழிலயே கேட்கும். அம்மா பழக்கி வைச்சிருக்கிறா.

பார்லி வறுக்கிற நாளில யன்னலைத் திறந்து, ஸ்மோக் அலாரத்துக்குக் கீழ ஒருத்தர் துவாயோட நிக்கவேணும். எங்கட வீட்டில அந்த வேலை மகளுக்கு.