எளாவூரில் ஒரு சக்கரம்

எளாவூர் என்ற பெயரைப் பத்திரிகையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சோதனைச் சாவடியில் லாரி பிடிபட்டது என்று அவ்வப்போது செய்தி வருமே, அதே எளாவூர்தான். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது, சென்ற தை மாதம் வரை.

பூநாரை பார்க்கக் கிளம்பினோம். பனிக்காலத்தில் பழவேற்காடு ஏரிக்கு அவை கூட்டம் கூட்டமாக வரும். ஆந்திரத்துச் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கே போகிறதல்லவா, அங்கே நின்று பார்க்கலாம் என்று திட்டம். ரயிலிலேயே போயிருக்கலாம். கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், தடா என்று வரிசையாக ஸ்டேஷன்கள். "புல்லட் இருக்க ரயில் எதற்கு?" என்றார் என் கணவர்.

அந்த புல்லட் என் மாமனார் விட்டுப்போன சொத்து. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கினார்களே, அந்தத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 1984-ல் பிறந்த வண்டி. முன்சக்கரத்தில் இந்தக் காலத்து டிஸ்க் பிரேக் கிடையாது. பழைய டிரம் பிரேக்தான்.

செங்குன்றம், காரனோடைப் பாலம் எல்லாம் சுகமாகக் கடந்தன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளும் பின்னால் போய்விட்டன. எளாவூரை நெருங்கும்போது வண்டி முன்னால் தள்ளாடியது. பஞ்சர்! ஒரு பக்கம் ராட்சத கண்டெய்னர் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கின்றன. மறு பக்கம் நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறோம். நல்ல வேளை, பழைய டயரைத் தொங்கவிட்ட ஒரு கடை கண்ணில் பட்டது.

கடையில் ஒரு பையன். வயது இருபதுகூட இராது. எஞ்சினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைக் கழற்றினான், ஆணியைப் பிடுங்கினான், ட்யூபுக்கு ஒட்டுப் போட்டான், சக்கரத்தை மாட்டினான். என்ன வேகம் என்கிறீர்கள்! இவர் பணத்தை எடுத்து நீட்டியும் விட்டார்.

அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்த கடைக்காரப் பெரியவர் வந்தார். வண்டியருகே குந்தி, சக்கரத்தின் நடுவே விரலால் தடவினார்.

"டேய், காடியில உக்காந்துச்சான்னு பாத்தியா?"

பையன் முழித்தான். "டைம் ஆச்சு, பெரியவரே" என்றார் என்னவர். "ஆவட்டும் சார்" என்று ஸ்பானரைக் கையில் எடுத்தார் அவர்.

சமையலறைக் கணக்கில் சொன்னால் நமக்கு எளிதாகப் புரியும். டிரம் ஒரு பாத்திரம், சக்கரத்தோடு சுழல்கிறது. அதை மூடும் தட்டு சுழலக் கூடாது. அந்தத் தட்டின் உட்புறத்தில் இரண்டு சோமாசிகளைப் போல பிரேக் ஷூக்கள் இருக்கின்றன. பிரேக்கைப் பிடித்தால் அவை விரிந்து பாத்திரத்தின் உட்சுவரை அழுத்தும், சக்கரம் நிற்கும். தட்டு சுழலாதபடி காப்பது எது? தட்டில் ஒரு காடி. ஃபோர்க்கில் ஒரு முட்டு. முட்டு காடிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பையன் மாட்டியதில் அது உட்காரவில்லை!

"இப்படியே போயி பிரேக்கைப் புடிச்சா, தட்டும் சேந்து சுத்தும். கேபிளைச் சுருட்டிக்கும். சக்கரம் பூட்டிக்கும்" என்றார் பெரியவர். அப்புறம் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சாலையில் ஒரு லாரி இரைந்துகொண்டு போயிற்று. நான் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சக்கரம் மறுபடி இறங்கியது. பையனை அவர் திட்டவில்லை. அவன் விரலைப் பிடித்துக் காடிக்குள் வைத்துக் காட்டினார். சரியாக உட்கார வைத்து, தட்டின் நட்டைக் கைமுறுக்கோடு விட்டார்.

"அம்மா, நீங்க அந்த பிரேக்கை அழுத்திப் புடிங்க."

"நானா?"

"சார் வண்டியைப் புடிச்சிருக்காரு. எங்க ரெண்டு பேர் கையும் கிரீஸு."

பிடித்தேன். ஷூ இரண்டும் டிரம்மைச் சமமாகக் கவ்விக்கொண்டிருக்கும்போதே நட்டை முறுக்க வேண்டுமாம். அப்போதுதான் தட்டு நடுவில் நிற்கும். இல்லாவிட்டால் ஒரு ஷூ உரசும், மற்றது சும்மா இருக்கும். முறுக்கி முடிப்பதற்குள் என் விரல்கள் மரத்தே போய்விட்டன!

பிறகு கட்டையை எடுத்து, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹாண்டில்பாரை நாலு தடவை அமுக்கச் சொன்னார். ஃபோர்க் தன் இடத்தில் பதிந்த பின்புதான் அச்சைப் பிடிக்கும் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினார். மறுபடி சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். உரசல் இல்லை. கேபிளில் துளி தளர்வு விட்டார்.

"முன்பிரேக்கை நான் அதிகம் தொடுவதே இல்லை" என்றார் இவர், சமாதானமாக.

"தப்பு சார். நிறுத்தறப்போ பாரமெல்லாம் முன்னாலதான் சாயும்" என்றார் பெரியவர். பஸ் டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டால் நாம் எல்லோரும் எந்தப் பக்கம் சாய்கிறோம்? யோசித்துப் பாருங்கள்.

மறுமுறை மாட்டியதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. கொடுத்தும் வாங்கவில்லை. "பையன் மாட்டினது தப்பு, அதுக்கு எப்படிக் காசு?" என்றார்.

ஆரம்பாக்கத்துக்கு முன்னால் ஒரு மாடு சாவதானமாகக் குறுக்கே வந்தது. இவர் பிரேக்கைப் பிடித்தார். வண்டி முன்னால் மெல்லத் தாழ்ந்து, நூல் பிடித்தாற்போல் நின்றது.

"எப்படிப் பிடித்தது பார்த்தாயா?" என்றார் பெருமையாக.

"பிடித்தது நானாக்கும்!" என்றேன்.