சாகாத வயர்

கண்டி நகருக்கென்று பயணிகள் விமான நிலையம் இல்லை. ஆயினும் 1976 இல் மகாவலிக்குக் குறுக்கே எழுந்த பொல்கொல்ல அணைக்கட்டின் நீர்ப்பரப்பில் மிதவை விமானங்கள் இறங்கி ஏறியதை நம்மவர் பலர் கண்டிருப்பீர்கள். சுற்றிவர மலைகள். மலைநாட்டு வானில் விமானி தன் இருப்பிடத்தைப் பிழையாகக் கணித்தால் என்னாகும் என்பதற்கு 1974 டிசம்பர் 4 சாட்சி. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின் எயார் விமானம் சப்த கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர்.

இன்று சிறு விமானமோட்டிகள் பலர் காகித வரைபடத்துக்குப் பதிலாகத் தட்டைக் கணினியொன்றை எடுத்துச் செல்கிறார்கள். தான் எங்கிருக்கிறோம், எதிரே உள்ள மலை எவ்வளவு உயரம் என்பதை அது ஒரே திரையில் காட்டிவிடும். அந்தத் திரைக்கு உயிரூட்டுவதோ ஒரு மெல்லிய வயர்.

கனடாவில் ஓய்வு நாட்களில் சிறு விமானம் ஓட்டும் என் மருமகன் ஒருவர் விடுமுறையில் கண்டிக்கு வந்திருந்தபோது அந்த வயரைப் பற்றித்தான் குறைப்பட்டார். மின்னேறுவதாகத் திரை காட்டும். ஆனால் பறக்கப் பறக்க மின்கலம் இறங்கிக்கொண்டே போகும். மறுநாள் எல்லாம் சரியாக இருக்கும். வீட்டில் சோதித்தால் பிழையே தெரியாது.

கட்டுகஸ்தோட்டையில் முச்சக்கர வண்டிகளுக்கு வயரிங் செய்யும் பாஸ் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். வண்டியின் பற்றரி 12 வோல்ற். சிறு விமானங்கள் பலவற்றிலும் அதுவே. வாடகைச் செயலியை நம்பி ஓடும் சாரதிகளின் கைபேசிகள் இதே நோயுடன் அவரிடம் தினமும் வருகின்றன. கைபேசி அணைந்தால் அன்றைய வாடகையும் அணைந்துவிடும்.

“செத்த வயரைக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிசம் போதும் ஐயா. சாகாம இழுத்துக்கிட்டுக் கிடக்கிற வயருக்குத்தான் ஒரு நாள் போகும்” என்றார் பாஸ்.

அவருடைய முறை எளிமையானது. ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். முதலில் வயர், அடுத்து 12 வோல்ற்றை 5 ஆகக் குறைக்கும் சார்ஜர், பிறகு அது செருகப்படும் குழி. சிகரெட் லைட்டருக்காகப் பிறந்த அந்தக் குழியில் ஒரு சுருள்வில்லின் அழுத்தமே தொடுகையைக் காக்கிறது. அதிர்வில் அது நழுவும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் கருவி வேலை செய்யும், பிழை எதிலிருந்தது என்பது மட்டும் தெரியாது.

இரண்டாவது விதி, சுமையோடு அளப்பது. சும்மா கிடக்கும் வயர் 5 வோல்ற்றையும் காட்டும். ஒரு மீற்றர் நீளமான மிக மெல்லிய வயரில் 2 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.8 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். மீதி 4.2 வோல்ற் மின்னேற்றும் அடையாளத்தைக் காட்டப் போதும். மின்கலத்தை நிரப்பப் போதாது.

மருமகன் இன்னும் இரண்டைச் சேர்த்தார். மலிவான சார்ஜர்கள் விமான வானொலி பேசும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுவே. வெயிலில் சூடேறிய கருவியோ தானாகவே மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும். அது வயரின் குற்றமன்று.

பாஸ் மீற்றரைப் பார்த்தபடி வயரின் கழுத்தை மெல்ல வளைத்தார். ஒரு கோணத்தில் இலக்கம் சரிந்தது. உறைக்குள்ளே இழைகள் அறுந்து, ஓரிரண்டு மட்டும் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கின்றன.

பத்திரிகைத் தொழிலில் நான் அஞ்சியது பொய்யர்களுக்கு அல்ல. அவர்களை இரண்டாம் நாளே இனங்கண்டுவிடலாம். பத்துத் தடவையில் எட்டுத் தடவை உண்மை சொல்பவரே ஆபத்தானவர். அவரை நம்பிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிடுவோம். வயரும் அவ்வாறே. முற்றாகச் செத்திருந்தால் விமானி புறப்படுமுன்பே வேறொன்றை எடுத்திருப்பார்.

அந்த வயரை மருமகன் பைக்குள் வைக்கப் போனார். பாஸ் அதை வாங்கிக் குறட்டினால் இரண்டாக நறுக்கினார்.

“வச்சிருந்தீங்கன்னா, அவசரத்துல யாராவது மறுபடியும் எடுத்து மாட்டிருவாங்க தம்பி” என்றார்.