எந்த கேஷ், சார்?

31 வருஷம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். சாயங்காலம் கேஷ் டாலி ஆகாமல் ஒரு நாளும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. ஷார்ட் விழுந்தால் கைக்காசு போட்டு ஈடுகட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், ஒரே ஒரு சொல்லின் கணக்கில் மட்டும் தெரிந்தே பொய் எழுதி வந்திருக்கிறேன். அந்தச் சொல்லும் கேஷ்தான்.

எனக்கு மேடை ஆசை உண்டு. பள்ளிக்கூடத் தமிழ் மன்றம், பொங்கல் விழா, குடியிருப்போர் சங்க ஆண்டு விழா என்று யார் கூப்பிட்டாலும் போவேன். பேச்சு தொய்கிற நேரத்தில் கொளுத்திப் போட ஒரு வாணம் வைத்திருந்தேன்: “உலகமே கேஷ் கேஷ் என்று அலைகிறதே, அது யார் கொடுத்த சொல்? நம்ம காசு ஐயா, காசு!” கைதட்டல் அடங்குவதற்குள் தண்ணீர் குடித்துக்கொள்வேன். அந்த ருசியில் கேஷியரையும் காசுக் குடும்பத்தில் சேர்த்தேன். ஒருமுறை முந்திரியின் ஆங்கிலப் பெயரையும் இழுத்துவிட்டேன், காசு கொழிக்கும் பருப்பு என்று. அது பிரேசிலின் துப்பி மக்கள் அந்த மரத்துக்கு வைத்திருந்த பெயர்.

பிறகு ஒரு நாள் மாவட்ட நூலகத்தில் வேறு எதையோ தேடிப் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டியபோது கேஷ் கண்ணில் பட்டது. ஒன்றல்ல, எண் போட்டு இரண்டு தனித்தனிப் பதிவுகள்.

முதலாவது, நான் தினமும் எண்ணிய கேஷ். லத்தீனில் கப்சா என்றால் பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா ஆகி, பிரான்சிலும் புழங்கி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்போது பணப்பெட்டிக்கும் அதே பெயர், பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் அதே பெயர். போகப்போகப் பெட்டி உதிர்ந்து பணம் மட்டும் நின்றது. மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸும் நாம் விழுங்கும் கேப்ஸ்யூலும் அந்தப் பெட்டியின் வாரிசுகள். பெட்டியைக் காப்பவர் கேஷியர். ராணுவ அதிகாரியின் பதவியைப் பறித்து அவமானப்படுத்தி அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்றொரு வினைச்சொல் இருக்கிறது. அது டச்சுக்காரர் வழியாக வந்த வேறு குடும்பம். அதைப் படித்தபோது நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தேன்.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. காசு போர்ச்சுகீசியர் வாயில் கைஷா ஆனது, அங்கிருந்து ஆங்கிலத்தில் கேஷ் ஆனது. தென்னிந்தியச் சில்லறை நாணயத்தின் பெயர் அது. சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்ட காசையும் ஆங்கிலேயர் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். போர்ச்சுகீசிய மொழியில் கைஷா என்றால் பெட்டி என்றும் பொருள். ஆகவே யாரும் குழம்ப இடமுண்டு. எனக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது, அகராதி கண் முன்னால் விரிந்து கிடந்தது.

மூடி வைத்தேன். அடுத்த கூட்டத்தில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் அதே வாணத்தைக் கொளுத்தினேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தில் பேசி முடித்ததும், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், டிக்‌ஷனரியில கேஷ்னு ரெண்டு போட்டிருக்கே. நீங்க சொன்னது எந்த கேஷ், சார்?”

எனக்குப் பதில் தெரியும். இரண்டாவது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “ரெண்டா இருந்தா என்னம்மா, காசு எவ்வளவு இருந்தாலும் நல்லதுதானே?” அரங்கமே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தார். அவள் பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் போர்த்திய சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது.

பொய்க்குத் தேவையே இல்லாமல் இருந்தது என்பதுதான் கேவலம். கம்பெனிக் காலத்துச் சென்னை ராஜதானியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808இல் இங்கிலாந்தில் அடித்த 20 காசுச் செப்பு நாணயத்தில் ரோமன் எழுத்தில் கேஷ் என்றும், பாரசீக எழுத்தில் காஸ் என்றும் பொறித்திருக்கும். அந்தச் செப்புக்காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் மூழ்கிப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் அள்ளினார்கள். நாணயக் கண்காட்சி ஒன்றில் 1808ஆம் வருஷத்து 20 காசு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம். கேஷ் என்று ஆங்கிலத்தில் பொறித்த துக்கடாச் செப்புக்காசு 1940களிலும் அங்கே கைமாறியது. இதையெல்லாம் சொன்னாலும் கைதட்டியிருப்பார்கள். ஆனால் உலகத்தின் கேஷ் மொத்தமும் நம்முடையது என்றால் கூடுதலாகத் தட்டுவார்கள். அந்தக் கூடுதலுக்குத்தான் ஆசைப்பட்டேன்.

தமிழ் அகராதியில் காசுக்கும் ஒன்றுக்கு மேல் பொருள். பொன், மணி, நாணயம், வெண்பா முடியும் வாய்பாடுகளில் ஒன்று. குற்றம் என்றும் போட்டிருக்கிறது. அதை எந்த மேடையிலும் நான் எடுத்ததில்லை.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு பார்வர்டு வந்தது. கேஷ் தமிழ்ச் சொல்லே என்று தலைப்பு, கீழே என் வாக்கியங்கள், முந்திரி உட்பட. பேர் மட்டும் யாரோ ஒரு பேராசிரியருடையது. அனுப்பியவர் என்னோடு வேலை பார்த்தவர். “அண்ணே, இது நீங்க சொல்றதுதானே? யாரோ திருடிட்டாங்க பாருங்க” என்று கீழே எழுதியிருந்தார்.

தப்பு என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். என் பேர் போடாததைப் பற்றி வருத்தப்பட்டு இரண்டு வரி எழுதி அனுப்பினேன்.