தண்ணி எவ்வளவு தூரம்?

எங்கள் திருச்சுழிப் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளையின் வருமானத்தை விசாரிப்பதற்கு முன்னால் வேறொன்றை விசாரிப்பார்கள். "உங்க ஊர்லே தண்ணி எவ்வளவு தூரம்?" சிரிக்காதீர்கள். குண்டாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான். வீடு மச்சா, கூரையா என்பதெல்லாம் அப்புறம்; இடுப்பில் குடத்தோடு எத்தனை தூரம் நடப்பது என்பதில்தான் பெண்ணின் தலையெழுத்து இருக்கிறது.

சென்னைக் கண்ணகி நகரில் இருக்கும் என் அத்தையைப் பார்க்கப் போனபோது இந்தக் கேள்வி மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது.

மழை பொய்த்த ஒரு வருஷம் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியவள் அத்தை. மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் குடிசை போட்டு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை வளர்த்தாள். கரையைக் காலி செய்தபோது கிடைத்த கல் வீடு, ஒக்கியம் துரைப்பாக்கத்தில்.

கொஞ்சம் சரித்திரமும் சொல்ல வேண்டும். குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது 1970-ல். ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். நொச்சிக்குப்பத்தில் படியிறங்கினால் கடல். மீனவனுக்கு வேறென்ன வேண்டும்? பிற்பாடு பட்டணத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழையின் வீடு ஊருக்கு வெளியே நகர்ந்தது. 2000-ல் குடியேறத் தொடங்கிய கண்ணகி நகரில் இன்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். 2021-ல் வாரியத்தின் பெயரே 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறிவிட்டது. பெயர் மாற பஸ் ஏற வேண்டியதில்லை, பாருங்கள்!

"வீடு நல்ல வீடுதான் அப்பு" என்றாள் அத்தை. "ஒழுகலே, பாம்பு வரலே. ஆனா நாலு வீட்டு வேலையிலே மூணு போச்சு. மிச்ச ஒண்ணுக்குப் போய்வாற பஸ் காசுக்கே சம்பளத்திலே பாதி."

2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதைச் சொன்னேன்.

"காசு மிச்சந்தேன். போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். அதை யாரு குடுப்பா?"

அத்தை மகனுக்கு வேறு கஷ்டம். வேலைக்கு மனுப் போடும்போதெல்லாம் விலாசத்தில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதுவான். கண்ணகி நகர் என்றால் எதிரே இருப்பவர் முகம் மாறுமாம். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடிக் குழு தங்கம் வென்றதல்லவா? அதில் ஆடிய கார்த்திகா இந்தக் கண்ணகி நகர்ப் பெண். அந்த வாரம் முழுதும் கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் தன் விலாசத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தானாம் பயல்.

நான் போயிருந்த அன்று பேத்தியைப் பெண் பார்க்க அம்பத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். பெண் பக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையின் தாயார் காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் வரை அத்தை பொறுத்திருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"உங்க வீட்டிலேருந்து எங்க பொண்ணு வேலைக்கு எவ்வளவு தூரம், தாயி?"